வரி ஊமச்சிக்காக நீ கேட்ட கையெழுத்து

அன்புள்ள எஸ்தர்,

இங்கு அனைவரும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் எழுது என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். நீ ஹாஸ்டலுக்குப் போன நாள் முதல் நான் போட்ட கடிதங்கள் எல்லாவற்றிலும் முதல் வரி அதுதான். இன்று அந்த வரி வரமாட்டேன் என்கிறது. இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டாயிற்று. அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான், திங்கட்கிழமை உன் கடிதம் வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பத்து வரி எழுதுவது, செருப்பை மாட்டிக்கொண்டு சர்ச் கிணற்றடிக்கு ஓடுவது, அங்கிருக்கிற கல்தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது, மறுபடி வந்து பேனாவைத் திறப்பது என்று இந்த வியாழக்கிழமை முழுக்கப் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படி. பொறுமை என்கிற வார்த்தையை உனக்குச் சொல்ல எனக்கு அருகதை இல்லை என்பதும் படிக்கப் படிக்கத் தெரியும்.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். ஆராய்ச்சிக் கட்டுரை முடிகிற தறுவாயில் இருக்கிறது, இரண்டு மாதத்தில் கல்கத்தா வேலைக்குப் போயாக வேண்டும், அதற்குள் எனக்கு ஒரு காகிதம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். பிள்ளைப்பாக்கம் போகிற வழியில் நம் ஆலங்குட்டையில் மட்டும் இருந்த வரி ஊமச்சி, அந்த ஒரு குட்டையைத் தவிர வேறெங்கும் யாரும் கண்டிராத குளத்து நத்தை, இப்போது உன் கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் எட்டு வெற்றுக் கூடாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஹைரோட்டில் புதிதாக வந்த கம்பெனி விட்ட கழிவுத் தண்ணீரால் அது அழிந்தது என்று எழுதப் போகிறாய். அதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று உன் புரொபசர் சொன்னாராம். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்றாய்.

அந்தக் கையெழுத்தை நான் போடமாட்டேன், எஸ்தர். கம்பெனித் தண்ணீர் ஆலங்குட்டைக்கு வரவே இல்லை. பிற்பாடு அந்தக் கம்பெனி வேறு எங்கெங்கே எதைக் கொட்டியதோ எனக்குத் தெரியாது, ஆனால் இந்தப் பாவம் அவர்கள் கணக்கில் சேராது. ஆலங்குட்டை ஊமச்சியைக் கொன்றது உன் அப்பா. பதினேழு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இன்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். எழுதியதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இருக்கிறது.

அப்போது உனக்குப் பத்து வயது. நான் ஸ்ரீபெரும்புதூர் மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், மற்ற நாளெல்லாம் ஊருக்கு நான்தான் டாக்டர். அந்த வருஷம் ஆடுகளுக்குத் தாடை வீக்கம் வந்தது உனக்கு நினைவிருக்கலாம். நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் ஆடு நாலே நாளில் தாடைக்குக் கீழே பை கட்டி, கண் வெளுத்து விழும். அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்கத் தட்டைப்புழு. அந்தப் புழு குட்டையில் இருக்கும் ஊமச்சியின் உடம்பில் வளர்ந்து, கரையோரப் புல்லில் ஏறி, ஆட்டின் வயிற்றுக்குள் போகிறது. ஊமச்சியை ஒழித்தால் புழு ஒழியும். அதற்கு மருந்து மயில்துத்தம். கோணியில் கட்டி, இரண்டு பக்கமும் கயிறு போட்டு, இந்தக் கரையில் ஒருவன் அந்தக் கரையில் ஒருவன் நின்று தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். தண்ணீர் லேசாக நீலம் பூக்கும். கோடையில், குட்டை வற்றிக் கிடக்கும்போது போட்டால்தான் பிடிக்கும். அப்படித்தான் டாக்டர் உத்தரவு போட்டிருந்தார். ஏழெட்டுக் குட்டைகளுக்குப் போட்டு முடித்துவிட்டேன். பாக்கி ஆலங்குட்டை.

ஒரு செவ்வாய்க்கிழமை உன் புரொபசர் வந்தார். அப்போது அவருக்கு முடியெல்லாம் கறுப்பு. மதராஸிலிருந்து பஸ் ஏறி, தண்டலத்தில் இறங்கி, வலையும் கையுமாக வெயிலில் நடந்தே வந்திருந்தார். நான் உத்தரவின்படி குட்டையை அளந்துகொண்டிருந்தேன். நீ என் பின்னாலேயே வந்திருந்தாய். முழங்கால் தண்ணீரில் நின்று அவர் ஒரு கல்லைப் புரட்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நத்தையை எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தார். கூட்டின் மேல் குங்கும நிறத்தில் ஒரு நூல் போல வரி. மற்ற ஊமச்சிகளுக்கு வாய் வலது பக்கம், இதற்கு இடது பக்கம். கோடையிலும் வற்றாத ஊற்று அடியில் இருப்பதால் இந்தக் குட்டையில் மட்டும் தங்கிவிட்டது என்றார். நான் மருந்து போடப்போவதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஆனால் போடாதே என்று சொல்லவில்லை. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். என்னை ஐயா என்று கூப்பிட்டு, "ஒரு வாரம் மட்டும் பொறுங்க ஐயா. அடுத்த செவ்வாய்க்கிழமை பசங்களைக் கூட்டிக்கிட்டு வந்து, முடிஞ்சவரைக்கும் எடுத்துக்கிட்டுப் போயிடறேன். அப்புறம் நீங்க தாராளமா போடுங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். உனக்கு ஒரு கண்ணாடி பாட்டிலில் பாசியும் தண்ணீரும் போட்டு, பத்துப் பன்னிரண்டு ஊமச்சியை விட்டு, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனார். நீ அதை அடுப்பங்கரை ஜன்னலில் வைத்தாய்.

சனிக்கிழமை மருந்து போட்டேன். ஐந்தாம் நாள்.

ஏன் என்று நீ கேட்பாய். ஆடு செத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. கோவிந்தம்மாளை உனக்குத் தெரியும், புருஷன் இல்லாமல் ஆட்டை வைத்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று கத்தினாள். "இன்னா கம்பண்டரே, இன்னிக்கும் ரெண்டு பூட்டுச்சு. மருந்த மூட்டையா கட்டி வச்சிக்கினு இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற? என் கெடை மொத்தமும் படுத்தப்புறம் போடுவியா?" என்றாள். ஆனால் அவளிடம் ஆட்டை மூன்று நாளைக்கு ஏரிப்பக்கம் ஓட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பாள். நான் சொல்லவில்லை. உண்மையான காரணம், திங்கட்கிழமை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று டாக்டர் ஆள் அனுப்பியிருந்தார். எல்லாக் குட்டையும் முடிந்தது என்று நான் விறைப்பாக நின்று சொல்ல வேண்டும். ஒன்று பாக்கி, ஒரு வாத்தியார் நத்தை பிடிக்க வேண்டுமாம், அதற்காக நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவுதான். ஒரு நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டேன். அதிகாரி வந்தார், ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். நாளைக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை. காலையில் தொட்டியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலங்குட்டைக்குப் போனேன். எதற்கென்று எனக்கே தெரியாது. அங்கே கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். இப்போது பிள்ளைகளில் இரண்டு பேர் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள், இவள் மட்டும் பழக்கம் விடாமல் நாலு ஆடு வைத்திருக்கிறாள். நான் அன்றைக்கு மருந்து போட்டது தப்பு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேசற நீ? அன்னிக்கு நீ போடலன்னா எம் புள்ளைங்க தெருவுல நின்னிருக்கும். உம் மருந்துலதான் என் கெடை பொழச்சுது. நல்லது செஞ்சிட்டு அழுவுற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். நானும் யோசித்து யோசித்து அங்கேதான் வந்து நிற்கிறேன். மருந்து போட்டது தப்பில்லை, எஸ்தர். ஐந்தாம் நாள் போட்டதுதான் தப்பு. எட்டாம் நாள் போட்டிருந்தால் ஆடும் பிழைத்திருக்கும், ஊமச்சியும் பிழைத்திருக்கும், நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இன்னொரு கூத்தையும் கேள். ஆட்டுக்குப் புழு கொடுத்த அந்தச் சாதா ஊமச்சி இருக்கிறதே, அது முதல் மழைக்கே வாய்க்கால் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத வரி ஊமச்சிதான் வரவில்லை. அதற்கு வருவதற்கு வேறு ஊர் ஏது?

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். புரொபசர் சொன்னபடியே வந்தார். நாலு மாணவர்கள், மூடி போட்ட வாளிகள், ஈரச் சாக்கு என்று கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். கரையெல்லாம் கூடு ஒதுங்கிக் கிடந்தது. அவர் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினார். ஒவ்வொன்றாக வாயைத் திருப்பிப் பார்த்துக் கீழே போட்டார், உடையாத எட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். என்ன ஆயிற்று ஐயா என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கம்பெனில இருந்து ரெண்டு நாளா ஒரு மாதிரி தண்ணி வந்துச்சுங்க" என்று என் வாய் சொன்னது. யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, ஹைரோட்டுப் பக்கம் கம்பெனியின் தகரக் கூரை கண்ணில் பட்டது, சொல்லிவிட்டேன். என் நகக்கண்ணில் மயில்துத்தத்தின் நீலம் போகாமல் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வாரம் பொறுப்பதாகத் தலையாட்டியவன் மருந்து போட்டிருப்பான் என்று அவர் நினைக்கவே இல்லை, நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த நோட்டுதான் இன்று உன் மேஜைக்கு வந்திருக்கிறது. என் பொய் உன் கட்டுரையில் அச்சாகப் போகிறது, அதன் கீழே சாட்சி என்று என் கையெழுத்தையே கேட்கிறாய். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

இதைவிட மோசமானது ஒன்று பாக்கி இருக்கிறது. உன் பாட்டில். குட்டையில் எல்லாம் செத்துப்போன பிறகும் அடுப்பங்கரை ஜன்னலில் பத்துப் பன்னிரண்டு உயிரோடு இருந்தது. புரொபசரைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்திருந்தால் அவர் வளர்த்திருப்பார், என் தப்பில் பாதி குறைந்திருக்கும். ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமையே, ஆராதனை முடிந்து வந்ததும், அந்த பாட்டிலைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டு என்று உன் அம்மாவிடம் சத்தம் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. அவர் அதைப் பார்த்தால் வீட்டுக்குள் வந்து உட்காருவார், உட்கார்ந்து பேசினால் நான் உளறிவிடுவேன் என்று பயந்தேனா, இல்லை, தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டதைத் தாங்க முடியவில்லையா, தெரியவில்லை. நீ வந்து பாட்டில் எங்கே என்று கேட்டபோது, எல்லாம் செத்துப்போச்சு, நீ தண்ணி மாத்தலே என்று உன் தலையில் போட்டேன். நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் உனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேனே, வகுப்பில் யாரிடமும் இல்லாத பாக்ஸ் என்று நீ பெருமைப்பட்டாயே, அது பாசத்தில் வாங்கியதில்லை. பயத்தில் வாங்கியது. நீ நத்தைப் படிப்புப் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், பெண்பிள்ளைக்கு இதென்ன படிப்பு என்று மூன்று மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன் அல்லவா? காரணம் பெண்பிள்ளை இல்லை. நீ ஆலங்குட்டைக்குத்தான் திரும்பி வருவாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் மாற்றாத குற்றம் உன்னுடையது இல்லை. இதை உனக்கு எழுத்தில் தருகிறேன், இதன் கீழே எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

இனிமேல் நான் சொல்லப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. உன் கடிதம் வந்த மறுநாள், இந்தச் செவ்வாய்க்கிழமை முழுக்க, நான் சோறு இறங்காமல் நடந்துகொண்டே இருந்தேன். புதன்கிழமை காலை உன் அம்மா கேட்டாள், "இன்னாங்க, பொண்ணு லெட்டருல அப்பிடி இன்னா கீது? ரெண்டு நாளா வூட்டுக்கும் வாசலுக்கும் நடந்துக்கினே கீறீங்க?" என்று. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவளிடமும் சொல்லாமல் வைத்திருந்த கதை. சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில் அந்த ஊமச்சி உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது என்று நான் சொன்னபோதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"அய்ய, யாரு சொன்னது? சர்ச்சாண்ட தொட்டில கீதே."

"எந்தத் தொட்டில?"

"மாடு தண்ணி குடிக்கிற கல்லுத்தொட்டிதான். நீங்க சாக்கடைல கொட்டச் சொன்னீங்க. உசுரோட கீறத எப்பிடிக் கொட்டுறது? தண்ணி எடுக்கப் போறப்போ அதுல வுட்டுட்டு வந்தேன். நான் பாட்டுக்குத் துணி தொவைக்கிறேன், அதுங்க பாட்டுக்குப் பாசி தின்னுக்கினு கெடக்குது. புள்ள பாட்டிலுல வச்சிருந்துச்சே, அதே செவப்பு நூலு."

"பதினேழு வருஷமா ஏண்டி சொல்லலே?"

"நீங்க எங்க கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

ஓடினேன், எஸ்தர். சட்டை போடாமல், துண்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓடினேன். அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் பதினேழு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் பைபிளும் கையுமாக உள்ளே போய் மண்டியிட்டு, என் பாவங்களை மன்னியும் என்று கேட்டு வந்திருக்கிறேன். ஒரு தடவை குனிந்து பார்த்ததில்லை. கிணற்றுத் தண்ணீர் நிரம்பி வழிந்து சேப்பங்கிழங்குப் பாத்திக்குப் போகிறதல்லவா, அந்த மூலையில், பாசி பிடித்த கல்லில், ஏழு. புளியங்கொட்டை அளவு. குங்கும நூல். வாய் இடது பக்கம். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தண்ணீர் காட்ட மாட்டை ஓட்டி வந்த பையன் என்னவோ ஏதோ என்று பயந்து மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இத்தோடு கதை முடிந்தது, அப்பா பிழைத்தார் என்று நினைக்காதே. ஏழில் ஒன்றை அன்றைக்கே கொன்றேன். ஒன்றையாவது வீட்டில் பத்திரமாக வைப்போம் என்று, நிதானமில்லாமல் கைக்குக் கிடைத்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதை விட்டேன். சாயந்திரம் பார்த்தால் கூட்டை விட்டு வெளியே தொங்கிப்போய்க் கிடக்கிறது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "ஏங்க, செம்புத் தவலையிலயா போட்டீங்க?" என்றாள். மயில்துத்தம் என்பதே செம்பின் உப்புதானே! வாழ்நாள் முழுக்க அதை நிறுத்துக் கலந்து கொடுத்தவன் நான். எனக்கே அது தோன்றவில்லை. அன்றோடு ஊமச்சியைக் கையால் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பார்க்க மட்டும் போகிறேன். இப்போது ஆறு.

உடனே தந்தி அடித்திருக்கலாமே என்று நீ கேட்பாய். போனேன். தபாலாபீஸ் கவுண்டரில் நின்று 'ஊமச்சி உயிரோடு இருக்கிறது உடனே வா' என்று எழுதி நீட்டினேன். போஸ்ட் மாஸ்டர் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். தந்தி என்றாலே ஹாஸ்டலில் நீ அலறுவாய், அதோடு, அந்த ஐந்து வார்த்தை வந்தால் நீ சந்தோஷமாக வருவாய், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்வேன். அது தெரிந்ததும் காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். நல்ல செய்தியை முன்னால் விட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். நீயும் அப்படி ஒளிந்துகொள்ளாதே. நாளைக்குக் கல்கத்தாவில் உனக்குக் கீழேயும் நாலு பேர் வேலை செய்வார்கள், உனக்கு மேலேயும் ஒருவர் ஜீப்பில் வருவார். ஒன்று பாக்கி இருக்கிறது ஐயா என்று சொல்லக் கூச்சப்படாதே. அப்புறம், ஊர் ஊராகப் போய் நத்தை தேடும்போது, என்னைப் போல் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் மட்டும் விசாரிக்காதே. துணி துவைக்கிறவர்களிடம் கேள். நானும் நீயும் உன் புரொபசரும் சேர்ந்து பதினேழு வருஷமாக உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னும் ஒரு இடி இருக்கிறது. அந்தக் கிணற்றை மூடி, தொட்டியைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டுவதாகச் சபைக் கமிட்டி போன மாதம் தீர்மானம் போட்டது. போரும் குழாயும் வந்துவிட்டதே, இனி கிணறு எதற்கு என்று. தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் தெரியுமா? நான்தான். கொசு வருகிறது, பாசி நாறுகிறது, அபாயம் என்று கால் மணி நேரம் பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடுகிறது. திங்கட்கிழமை ஆள் வருகிறது. சனிக்கிழமை முழுக்க நான் எழுதப்போவதில்லை, வீடு வீடாகப் போய் ஒவ்வொரு மெம்பராகப் பார்க்கப் போகிறேன்.

ஞாயிறு மத்தியானம். கமிட்டியிலிருந்து வந்த வேகத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். சனிக்கிழமை நான் ஒருவரிடமும் பேசவில்லை. ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று, சுகமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இன்றைக்கு உன் அம்மா கமிட்டி அறை வரைக்கும் கூடவே வந்தாள். "போங்க, நான் இங்கயே குந்திக்கினு கீறேன்" என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போய் எழுந்து நின்றேன். தொட்டியைப் பெயர்க்கக் கூடாது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். செயலர், "தீர்மானமே உங்களுதுதானே கம்பண்டர் ஐயா?" என்றார். ஊமச்சி என்றதும் சிரிப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்து குந்திக்கினு கீறேன், ஊமச்சி கத கேக்கவா?" என்றான். அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோணி, நீலம், ஐந்தாம் நாள், கம்பெனி மேல் போட்ட பழி, உன் பாட்டில், செம்புத் தவலை வரைக்கும். சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை. போதகர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பிதான் எழுந்து, "எங்க கீது அது? வா, காட்டு" என்றான். அத்தனை பேரும் எழுந்து கிணற்றடிக்கு வந்தார்கள். வெள்ளைச் சட்டையோடு பத்துப் பேர் தொட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றதைப் பார்த்து உன் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள்தான் விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஆறு என்று நான் நினைத்திருந்தது தப்பு, பாசிக்கு அடியில் கடுகு மாதிரி குஞ்சுகள் இருக்கிறதாம்.

வேலையை நிறுத்த முடியாது, மேஸ்திரிக்குச் சொல்லியாயிற்று என்றார் செயலர். கடைசியில் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. உங்கள் பெண் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், ஒரு வாரம் பொறுக்கிறோம் என்றார்கள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மதராஸ் போகிற அந்தத் தம்பியிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் நேரிலேயே உன் கையில் கொடுப்பான். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவோடு பேசு. புரொபசருக்குக் கண் மங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், அவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வை, தடவிப் பார்த்தே இடது பக்கத்து வாயைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் பக்கத்தில் நான் என் கைகளை முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறேன். உன் கட்டுரையில் கம்பெனி என்று எழுதியிருக்கிற இடத்தில் கம்பவுண்டர் என்று திருத்து, இன்னார் என்று என் பெயரையும் போடு. மண்பானையும் மூடி போட்ட வாளியும் கொண்டு வா.

ஒரு வாரம் பொறுக்கிறோம் என்று அவர்கள் தலையாட்டியதை நான் பார்த்தேன், பாப்பா. நானும் அப்படித்தான் தலையாட்டினேன். வியாழக்கிழமை ஐந்தாம் நாள். அதற்கு முன்னால் வந்துவிடு.

உன் அப்பா